மெத்தையில் விழுந்த தேங்காய்

ஜூலை 7, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. என் பள்ளி வேனில் வைப்பர் இடது பக்கம் மட்டும் வேலை செய்கிறது. என் பக்கக் கண்ணாடியை ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். பினாங்குத் தீவில் இப்படி ஓட்ட வேறு ஆள் கிடையாது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் நேரத்தோடு வாசலில். ஒரு பையன் மட்டும் நனைந்தான், அவனுக்கு ஆசை.

டயருக்குக் காற்று. வீட்டுக்காரி சரோவுக்கு இருமல் மருந்து. கறிவேப்பிலை மறந்துபோய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயந்திரம் தர்ஷினி வந்தாள். என் அக்கா மகள். பைராம் தோட்டத்துப் பிள்ளை. பிசிக்ஸ் டீச்சருக்குப் படிக்கிறாள். (இனி தர். என்று எழுதுகிறேன், மை மிச்சம்.) படிப்பின் கடைசிப் பருவத்துக்கு ஒரு பள்ளியில் நின்று நிஜமாகவே பாடம் நடத்தவேண்டும். அந்தப் பள்ளி ஜெலுத்தோங் பக்கம் என்பதால் எங்கள் ஃபிளாட்டில் தங்கியிருக்கிறாள். நான்காம் படிவம் அவளுக்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள். யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். இன்றைக்குத்தான் முதல் தடவை வந்து பார்த்தார்.

தர். செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நடந்து வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. முகம் பார்த்துச் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

"என்னம்மா, அசத்திட்டியா?"

"போர்டுக்கு நல்லாப் பாடம் எடுத்தேன்னு சொன்னாங்க மாமா."

"நல்லதுதானே."

"போர்டுக்கு மாமா. பிள்ளைங்களுக்கு இல்ல."

பாடம் முழுக்க ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லையாம். இவள் கேள்வி கேட்டு இவளே பதில் சொல்லி முடித்தாளாம். அடுத்த வியாழன் டாக்டர் மறுபடி வருகிறார். அதுதான் கடைசி. அதிலும் சரியாக வராவிட்டால் இந்தப் பருவம் முழுவதும் மறுபடி.

இதற்கு நடுவில் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை ஒன்று தயாராக இருக்கிறது. டெக்னீஷியன். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் சொல்லி வைத்தது. அடுத்த வெள்ளிக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லவேண்டும்.

"வியாழக்கிழமை சொதப்பிட்டேன்னா வெள்ளிக்கிழமை ஃபேக்டரிக்கு ஓகே சொல்லிடுவேன் மாமா. இன்னொரு தடவை அந்தப் பிள்ளைங்க முன்னாடி இப்படி நிக்க என்னால முடியாது."

சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பாசாரில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், என் மருமகள் டீச்சர் ஆகிவிட்டாள் என்று. ஆகிவிட்டாள் என்றால் ஆகப்போகிறாள் என்றுதான் அர்த்தம். மீன்காரர் இப்போதெல்லாம் என்னை 'டீச்சர் மாமா' என்றுதான் கூப்பிடுகிறார். போன வாரம் கெம்போங் மீன் ஒன்று சும்மாவே போட்டார். என் மானம் முழுவதும் இப்போது அந்த மீன் கூடையில்.

ஜூலை 9, வியாழன்

வெயில். வைப்பர் தேவைப்படவில்லை, அதனால் ரிப்பேர் செய்யவில்லை.

சரோ கொடுத்த யோசனை. "மாமாகிட்ட ஒரு தடவ நடத்திப் பாரு தர்ஷினி. அவருக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்." இவள் பாராட்டுகிற விதமே தனி.

என் படிப்பு மூன்றாம் படிவம். பிசிக்ஸ் நான்காம் படிவத்தில்தான் தொடங்குகிறதாம். ஒரே ஒரு வருடத்தில் தவறிப்போயிற்று, இல்லையென்றால் நான் இருக்கவேண்டிய இடம் வேறு. நான் பள்ளியை விட்ட அன்றைக்குத் தலைமை ஆசிரியர் கேட் வரைக்கும் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

ஃபிரிஜ் கதவுதான் கரும்பலகை. மார்க்கர் பேனாவால் எழுதுகிறாள், துடைத்தால் போய்விடும். இன்றையப் பாடம் மோதும்போது உண்டாகிற விசை. முதல் வரியில் ஒரு சூத்திரம். இரண்டாவது வரியில் இன்னொன்று. மூன்றாவது வரி எனக்குத் தெரியாது.

"மாமா, தூங்குறீங்க."

"கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாதான் எனக்கு ஏறும்."

"சரி, ஒரு உதாரணம். தைப்பூசத்துக்கு ரோட்டுல தேங்காய் எறியிறீங்களே, அது ஏன் உடையுது?"

எழுந்து உட்கார்ந்தேன். இது என் பாடம். ரதம் வருவதற்கு முன்னால் ரோட்டில் நின்று தேங்காய் உடைப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஒரே மூச்சில் நாற்பது தேங்காய். அறுபது இருக்கும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுல என்னம்மா இருக்கு. தோளுல இருக்கிற பலம் கைக்கு வருது. கையிலேருந்து தேங்காய்க்குள்ள போவுது. போயி உள்ளயே அடைஞ்சு கிடக்கும். ரோட்டுல பட்டதும் வெளிய வர வழி தேடி உடைச்சிக்கிட்டு வரும். முருகா-ன்னு சொல்லி எறிஞ்சா இன்னும் கொஞ்சம் கூடப் போவும்."

"உள்ள ஒண்ணும் அடைஞ்சு கிடக்கல மாமா. தேங்காய் வேகமா வருது. ரோடு அதை டக்குன்னு நிறுத்துது. அவ்வளவு சீக்கிரம் நிறுத்தணும்னா ரோடு ரொம்பப் பலமாத் தள்ளணும். அந்தத் தள்ளல்தான் உடைக்குது."

"ரோடு எங்கம்மா தள்ளுது. அது பாட்டுக்குப் படுத்திருக்கு."

"அப்போ மெத்தை மேல எறிஞ்சா?"

"என் கை எறிஞ்சா மெத்தை மேலயும் உடையும்."

தர். என்னையே பார்த்தாள். மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"மாமா, நெசமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறதாவது. தெரியும்."

பாடக் குறிப்பு நோட்டை எடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை விடாமல். நான் சொல்லச் சொல்ல இதற்கு முன் எழுதிக்கொண்டது ஒரே ஒரு ஆள், போக்குவரத்துப் போலீஸ்.

ஜூலை 12, ஞாயிறு

பாசார். வெங்காயம், கருவாடு, தேங்காய் ஒன்று. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து எடுத்தேன். தேங்காய் என் காதில் பொய் சொன்னதில்லை.

ஸ்டோர் அறையில் கிடந்த பழைய மெத்தையை இழுத்து நாலாவது மாடி வராந்தாவில் போட்டேன். சரோ முன்கூட்டியே டிவியை மறைத்துக் கதவைச் சாத்தினாள். தர். ஓரமாக நின்றாள். பக்கத்து வீட்டு ஆட்கள் ஜன்னலில். ஏறக்குறைய இருநூறு பேர்.

முருகனை நினைத்து ஓங்கி எறிந்தேன்.

தேங்காய் மெத்தையில் 'தொப்'பென்று பட்டு எழும்பி, செருப்பு அலமாரியில் இடித்து, மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல். கீழ் வீட்டு கக் நோர் அக்கா கதவைத் திறந்து தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"மணியம், இது யார் தேங்காய்?" மலாயில் கேட்டார்.

பிரார்த்தனை என்று சொன்னேன். பிரார்த்தனை என்றால் அவர் மேற்கொண்டு கேட்கமாட்டார். நல்ல மனுஷி.

தேங்காயில் ஒரு கீறல் கிடையாது. சரோ கதவிடுக்கில் தலையை நீட்டி, "உடைஞ்சிருச்சா?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி.

"கல்லுத் தேங்காய் இது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

தர். அப்படியே வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன், அவளுக்காக.

"இன்னொரு தடவ எறியிங்க மாமா."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான். தோளு என்ன ஆவுறது."

சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "அந்தப் பிள்ளைங்களும் உங்க மாதிரிதான் மாமா நினைச்சிக்கிட்டு இருக்கும். பலம் உள்ள போயி உக்காந்திருக்குன்னு. நான் அதுங்ககிட்ட ஒரு தடவகூடக் கேட்டதில்ல. நேராப் போயி சூத்திரத்த எழுதிட்டேன்."

கல்லுத் தேங்காயைக் கடைக்காரன் முகத்தில் காட்டவேண்டும் என்று வேனில் பின் ஸீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, திங்கள்

தேங்காயைத் திருப்பிக் கொடுக்க மறந்தேன். வேன் திரும்பும்போதெல்லாம் பின்னால் உருளுகிறது. பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டு விளையாடுகிறார்கள்.

டீக்கடை. முத்தையா, ஒயரிங் வேலை செய்கிறவன், என் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பிசிக்ஸ் ஆலோசகராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பேச்சுவாக்கில்தான்.

"சம்பளமாண்ணே?"

"அதெல்லாம் நான் வாங்கமாட்டேன்."

"அவங்க கொடுக்கவும் மாட்டாங்க லா. போன வருசம் ஏர்போர்ட்ல கூப்பிட்டாங்கன்னீங்க, பிளேன் ஓட்ட ஆலோசனை சொல்ல."

"அது வேற."

தே தாரிக் டீயைக் குறைவாக ஊற்றுகிறான் இந்தக் கடைக்காரன். கவனிக்கவேண்டும்.

மத்தியானம் அக்கா போன்.

"மணியம், பிள்ளை மனசக் கெடுக்காத. ஃபேக்டரி பஸ்ஸு வாசலுக்கே வருதாம். கேண்டீன் இருக்கு, குளுகுளுன்னு ஏர்கான். இவ அங்க போயி தொண்டை வறளக் கத்திக்கிட்டு நிக்கிறா."

"சரிக்கா."

"சரிக்கான்னு சொல்லிட்டு நீ உன் இஷ்டத்துக்குத்தான் செய்வ."

அந்த பஸ்ஸை ஓட்டினவன் நான். ஃபேக்டரி வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அந்தச் சம்பளத்தில் வளர்ந்த வீடுகள் இந்த ஃபிளாட்டில் பாதி. என் வீடும் சேர்த்துத்தான். ஆனால் தர். ஒன்றை விளக்கும்போது இரண்டு கையும் காற்றில் எதையோ பிடித்து நமக்குக் கொடுப்பது போலப் போகும். நமக்கு விளங்குகிற நொடியில் அவள் முகம் நம்மைவிட அதிகமாக மலரும். ஃபேக்டரியில் அந்தக் கைக்கு என்ன வேலை?

இதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். போனில் கார்டு போடுகிற காலம் போய் எத்தனையோ வருடம், அக்காவுக்குத் தெரியாது.

ஜூலை 15, புதன்

மேகமூட்டம். மழை வந்தால் நாளைக்குச் சிமெண்டுத் தரை ஈரம். வராது. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திட்டம் இது. லேப் முதல் மாடியில். அதன் வராந்தாவிலிருந்து தர். தேங்காயைக் கீழே விடுவாள். ஒன்று சிமெண்டுத் தரையில், ஒன்று மெத்தையில். ஒரே உயரம், ஒரே மாதிரித் தேங்காய். சிமெண்டில் உடையும், மெத்தையில் உடையாது (என்கிறாள்). கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது. பள்ளியில் அனுமதி வாங்கிவிட்டாள். மெத்தையைக் கொண்டுவருவது என் வேன்.

"ஒரே மாதிரி மூணு தேங்காய் வேணும் மாமா. கைக்காவல் ஒண்ணு. நார் சுத்தமா எடுத்துருங்க."

வாங்கினேன். நார் எடுத்தேன். மூன்றும் அக்காள் தங்கை போல.

அவள் குளிக்கப் போனதும் என் கடமையைச் செய்தேன். நாளைக்கு நல்ல நாள். நல்ல நாளில் தேங்காய் நேராக இரண்டாகப் பிளக்கவேண்டும். கோணலாக உடைந்தால் மனசு கெடும். என் கல்யாணத்தில் கோணலாக உடைந்தது, சரோவைக் கேட்டால் விளைவைச் சொல்வாள். அதனால் எங்கள் வீட்டில் பூசைக்குச் செய்வது போலவே பாராங்கத்தியின் முதுகால் மூன்றையும் சுற்றிலும் ஒரே கோடாகத் தட்டிவிட்டேன். மெதுவாக, சத்தம் மாறுகிற வரைக்கும். தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வரவில்லை, அதுதான் கை நயம். மேலே முழுக்க மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். கோடு வெளியே தெரியாது. இனி எங்கே விழுந்தாலும் தாமரை மாதிரி நேராகப் பிளக்கும்.

சரோ பார்த்துவிட்டாள். "அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சகுனத்துக்குச் செய்யறத சொல்லிக்கிட்டா செய்வாங்க?"

தர். வந்து மஞ்சள் தேங்காய்களைப் பார்த்தாள். லேப்புக்கு எதற்கு மாமா குங்குமம் என்றாள். இருக்கட்டும்மா என்றேன். இருக்கட்டும் என்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்.

ஜூலை 16, வியாழன்

மழை இல்லை. சொன்னேன் அல்லவா.

மெத்தை வேன் கூரையில். பள்ளி கேட்டில் காவலுக்கு இருக்கிற ஜாகாவிடம் பேர் எழுதிக் கொடுத்தேன். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் தந்தார், வருகையாளர் என்று மலாயில். பெரிய ஆட்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

"மெத்தைய வச்சிட்டு வேன்லயே இருங்க மாமா, தயவுசெஞ்சு."

வேனில் இருந்தால் மெத்தையை யார் பார்த்துக்கொள்வது? மெத்தைக்குப் பக்கத்தில் நின்றேன்.

பாதிப் பிள்ளைகள் மேலே வராந்தாவில், பாதி கீழே கயிற்றுக்குப் பின்னால் என்னோடு. டாக்டர் அம்மா மேலே ஒரு மூலையில், கண்ணாடி, மடியில் கோப்பு. பேசினதெல்லாம் மலாய், நான் தமிழில் எழுதுகிறேன்.

சூத்திரம் எதுவும் எழுதவில்லை தர். மஞ்சள் தேங்காயைத் தூக்கிக் காட்டினாள்.

"டீச்சர், சாமி கும்பிடப் போறோமா?" என்று ஒரு பையன். சிரிப்பு.

"இது என் மாமா கொடுத்தது. தைப்பூசத்துக்கு அவர் எறிஞ்சா தேங்காய் தூள்தான். ஏன் உடையுதுன்னு கேட்டேன். அவர் சொல்றார்..." என்று ஆரம்பித்து நான் ஃபிரிஜ்ஜுக்கு முன்னால் சொன்னதை அப்படியே சொன்னாள். தோள், கை, உள்ளே அடைந்து கிடக்கிற பலம், மெத்தை மேலும் உடையும் என்பது வரைக்கும். கேலியே இல்லை குரலில்.

"யாரெல்லாம் மாமா பக்கம்?"

முதலில் இரண்டு கை. பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நாலைந்து. பிறகு மளமளவென்று ஏறக்குறைய எல்லாக் கையும். மெலிந்த பெண் ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். பந்தைப் பிடிக்கிறோமே, பலம் உள்ளே இருந்தால் கையை உடைக்காதா என்று கேட்டாள். பந்து வேறு தேங்காய் வேறு என்று பையன்கள். கத்தல். பக்கத்துக் கட்டடத்து ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்தார். போன வாரம் வாய் திறக்காத வகுப்பு இதுதானா என்று எனக்கே சந்தேகம். டாக்டர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

முதல் தேங்காய், சிமெண்டில். பிளந்தது இரண்டாக, கோடு போட்டது போல. நான் மட்டும் கைதட்டினேன்.

இரண்டாவது. "பலம் உள்ளே இருந்தா மெத்தையிலயும் உடையணும். பார்ப்போம்," என்று சொல்லிக் கையை விட்டாள்.

மெத்தையில் விழுந்தது. இரண்டாகப் பிளந்தது. தாமரை மாதிரி, நேராக.

இரண்டு பாதியும் மெத்தையில் ஆடி நின்றன. பிறகு கட்டடமே எழுந்தது. மாமா சொன்னதுதான் சரி, டீச்சர். மாமாதான் சரி. கயிற்றைத் தாண்டி வந்து பையன்கள் என் முதுகில் தட்டினார்கள். ஒருத்தன் கையை என் தோளிலேயே வைத்துக்கொண்டான். அத்தனை பேர் சேர்ந்து நான் சொன்னது சரி என்று இதுவரைக்கும் சொன்னதில்லை. ஐந்நூறு பேர் இருக்கும். இனிப்பாகத்தான் இருந்தது.

மேலே பார்த்தேன். தர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செருப்போடு வீட்டுக்குள் வந்த அன்றைக்கு இருந்த அதே முகம். டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

கைக்காவல் தேங்காய் மேலே இருந்தது. அதையும்தான் தட்டியிருக்கிறேன்.

தர். கம்பியை விட்டாள். அப்புறம் மெலிந்த பெண்ணை அனுப்பி உடைந்த பாதிகளை மேலே கொண்டுவரச் சொன்னாள். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரத்துணியை எடுத்து மூன்றாவது தேங்காயின் மஞ்சளைத் துடைத்தாள். துடைத்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

"என்ன இது?"

"கோடு டீச்சர்."

"யாரோ தட்டியிருக்காங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தர். மேலே இருந்து தமிழில், சத்தம் போடாமல் கேட்டாள்.

"மூணையும் தட்டினீங்களா மாமா?"

"நல்ல நாளும் அதுவுமா கோணலா உடையக்கூடாதுன்னு..."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி மலாயில் சொன்னாள்: எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குத் தேங்காய் நேராகப் பிளக்கவேண்டும். அதற்காக மாமா தேங்காய்க்கு உதவி செய்திருக்கிறார், என்மேல் இருக்கிற பாசத்தில். ஆனால் உதவி செய்துவிட்டால் அது சோதனையா?

இல்லை என்றார்கள்.

"அப்போ இப்ப நமக்கு என்ன வேணும்?"

"தட்டாத தேங்காய்," என்றாள் மெலிந்த பெண்.

"எங்கே கிடைக்கும்?"

கேண்டீனில் பாக்கெட் தேங்காய்ப்பால்தான் உண்டாம். மணி அடிக்க அதிக நேரம் இல்லை. டாக்டர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தர். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

என்னிடம் ஒன்று இருந்தது. வேனில், பின் ஸீட்டுக்கு அடியில். கக் நோர் வீட்டு வாசல் வரைக்கும் இறங்கிப்போன கல்லுத் தேங்காய். மெத்தையில் விழுந்தால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது. நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது, தர். அதை மறந்தே போயிருந்தாள்.

பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஓடினேன். இந்த வயதில் மான் போல ஓடினேன் என்று பையன்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மேலே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். பார்த்தவுடன் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தேங்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் துடைத்துக் கோடு இல்லை என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மெத்தையில் விட்டாள்.

தொப். உருண்டு போய்க் கயிற்றோரம் நின்றது. கீறல் இல்லை.

"அதே தேங்காய், மறுபடி," என்றாள். என் தோளில் கை வைத்திருந்த பையன்தான் எடுத்துக்கொண்டு படியேறினான். இந்த முறை சிமெண்டில்.

சிதறியது. ஐந்தாறு துண்டு. ஒன்று சாக்கடைக்குள். இவ்வளவு கோணலாக ஒரு தேங்காய் உடைந்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் நல்ல நாளில்.

யாரும் கத்தவில்லை. துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு அந்தப் பையன் மெதுவாக, "அப்போ பலம் தேங்காய்க்குள்ள இல்ல டீச்சர்," என்றான். "தரைதான்..." என்று தொடங்கினாள் மெலிந்த பெண். "மெத்தை மெதுவா நிறுத்துது, தரை டக்குன்னு நிறுத்துது," என்று மூன்றாவது ஆள் முடித்தான். அதற்குப் பிறகுதான் தர். உள்ளே போய்ச் சூத்திரத்தை எழுதினாள். கை இரண்டும் காற்றில்.

கடைசியில் கேட்டாள்: "இப்போ யார் மாமா பக்கம்?"

அந்தப் பையன் ஒருத்தன் மட்டும் கையைத் தூக்கினான், மரியாதைக்கு. நான் தூக்கவில்லை. தோள் வலி.

டாக்டர் அம்மா தர்.-ஐ ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் மெத்தையைச் சுருட்டிக் கட்டி, வேனைத் துடைத்து, ஜாகாவுக்குத் தைப்பூசக் கதை முழுக்கச் சொல்லி முடித்தேன் (நூறு தேங்காய்). அப்போதுதான் வந்தாள்.

"வீட்டுக்குப் போலாம் மாமா."

வேனில் ஏறினோம். மெத்தையிலிருந்து தேங்காய்த் தண்ணீர் வாடை. பின்னால் எதுவும் உருளவில்லை, வேன் முழுக்க ஒரே அமைதி. ஸாரி என்று சொல்ல இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். வைப்பரை ரிப்பேர் செய்யணும் என்றுதான் வெளியே வந்தது. செய்யுங்க மாமா என்றாள். வந்ததும் தூங்கிவிட்டாள்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. சரோ விளக்கேற்றினாள். காலையில் தேங்காய்ச் சட்னி. மத்தியானம் தேங்காய்ச் சோறு. தேங்காய்ப்பால் பிழிந்து ஃபிரிஜ்ஜில் இரண்டு சட்டி நிறைய.

கோணலாக உடைந்ததே மனசுக்குள் நின்றது. சரோவிடம் சொன்னேன்.

"சாக்கடையில விழுந்தது போக மத்ததெல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அதுக்கு மேல என்ன சகுனம் வேணும் உங்களுக்கு?"

டீக்கடையில் முத்தையாவுக்கு விளக்கினேன். தேங்காயை உடைப்பது ரோடு, டக்குன்னு நிறுத்துகிறது அல்லவா, அந்தத் தள்ளல். இரண்டு கையையும் காற்றில் வைத்துக் காட்டினேன்.

"போன தைப்பூசத்துல உங்க தோளுதானேண்ணே உடைச்சிச்சு."

"ஆராய்ச்சி முன்னேறிருச்சு முத்தையா."

சட்டையில் நேற்றைய ஸ்டிக்கர் இன்னும் ஒட்டுகிறது. நல்ல பசை.

தர். காலையில் வாய் திறக்காமல் பள்ளிக்குப் போனாள். ஃபேக்டரிக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் இன்றைக்கு. அக்கா மூன்று தடவை போன். நான் எடுக்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து ஜன்னல் ஓரம் நின்றேன். ஜன்னல் துடைக்கவேண்டியிருந்தது.

சாயந்திரம் வந்தாள். செருப்பை வெளியே கழற்றினாள். ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். நேரே ஃபிரிஜ்ஜுக்குப் போய்க் கதவில் இருந்த பழைய சூத்திரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" சரோதான் கேட்டாள். நான் இன்னும் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தேங்காய் தப்பா உடைஞ்ச பிறகுதான் நீ டீச்சராத் தெரிஞ்சேன்னு சொன்னாங்க அத்தை."

"பாஸா?"

"பாஸ்."

"நேத்தே சொல்றதுக்கென்ன," என்றேன்.

"நேத்து எனக்கே நம்பிக்கை வரல மாமா. ஒரு நாள் தேங்காய் உடைச்சா எல்லாரும்தான் கத்துவாங்க. சும்மா நாள்ல என்ன ஆவும்னு பார்க்கணும்னு இருந்தேன். இன்னிக்கு உள்ள நுழையிறேன், பையைக்கூட வைக்கல, முதல் கேள்வியே, டீச்சர் உங்க மாமா இன்னிக்கு என்ன சொன்னாரு."

"அப்போ ஃபேக்டரி?"

"போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

நாளைக்கு அக்காவுக்கு போன். சாமி காப்பாற்றவேண்டும்.

துடைத்து முடித்ததும் மார்க்கரை எடுத்தாள். பாடக் குறிப்பு நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது வெப்பம். மாமா, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு ஃபிரிஜ் கதவைத் திறந்து வச்சா வீடு குளிருமா?"

"குளிரும். இதுல என்ன கேள்வி இருக்கு."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"யோசிக்கிறதாவது. குளுகுளுன்னு ஆயிரும்."

மெதுவாக, அழகான எழுத்தில் எழுதிக்கொண்டாள். அவள் சிரித்தது மாதிரி இருந்தது.

ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. நாற்காலியை ஃபிரிஜ்ஜுக்கு முன்னால் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. தேங்காய்ப்பால் கெட்டுப்போகும் என்று சரோ கத்திக்கொண்டிருக்கிறாள். தர். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரைக்கும் குளிரவில்லை, வேர்க்கிறது; ஃபிரிஜ்ஜின் முதுகிலிருந்து சூடு வருகிறது. ஃபிரிஜ் பழசு.